மின்வழங்கியின் ரீங்காரம்

லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீராற் பிறப்பினும் வேறெங்குப் பிறப்பினும், ராயப்பன்பட்டி வீடுகளுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. ஒலிபெருக்கிக்கு வேண்டுவதோ அலையாத நேர்மின்சாரம். நான்கு டயோடுகளால் அதனை ஒருதிசைப்படுத்தினால், விநாடிக்கு 100 மேடுகளும் பள்ளங்களும் எஞ்சும். கெபாசிட்டர் அவற்றை ஓரளவு நிரவும். மிச்சத்தை நிரவவே ஆப்-ஆம்ப் சில்லும், அதன் ஏவலின்படி இயங்கும் டார்லிங்டன் டிரான்சிஸ்டரும் அமைக்கப்படுகின்றன. 1968-ல் வெளிவந்த 741 என்னும் சில்லு இன்றும் மாணவர் கைகளிற் பழகுவது.

இவ்வளவும் அமைத்த பின்னும் ரீங்காரம் கேட்குமாயின், பலரும் சில்லையே பழித்து, ஒன்றை எடுத்து மற்றொன்றை இடுகின்றனர். இது வீண் செலவென்பது நம் கருத்து. கண்மாய் நீர் மடைக்குக் கீழே தாழ்ந்துவிட்டால் மடை திறப்பவன் என் செய்வான்?

கணக்கிட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட்டு தருவதாயின் அதன் உச்சி ஏறக்குறைய 17. டயோடுகள் 1.4 வோல்ட்டை உண்ண, எஞ்சுவது 15.5. நமக்கு வேண்டுவது 9 வோல்ட்டு, 1 ஆம்பியர். சில்லும் டிரான்சிஸ்டரும் தம் பங்காக 3 வோல்ட்டு கேட்பனவாதலின், பள்ளத்தின் அடியும் 12-க்குக் குறையலாகாது. 2200 மைக்ரோபாரட் கெபாசிட்டரில் பள்ளம் 4 வோல்ட்டுக்கு மேல் ஆழ்ந்து 11 வரை இறங்கும், ரீங்காரம் உறுதி. 4700 இட்டால் 13-க்கு மேலேயே நிற்கும். ஆயினும், திராட்சைத் தோட்டத்து மோட்டார்கள் ஒருங்கே ஓடி, 230 வோல்ட்டு 200 ஆகத் தாழும் வேளையில் அப்பள்ளமும் 11-ஐ எட்டிவிடும். பகலில் நன்றாயிருந்த கருவி மாலையில் முனகுவதன் மருமம் இதுவே. பழங் கெபாசிட்டர் உலர்ந்து கொள்ளளவு குன்றினாலும் இதே விளைவுதான்.

மல்ட்டிமீட்டர் சராசரியையே காட்டுமாதலின் பள்ளம் அதற்குப் புலப்படாது. ஆஸிலாஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். அக்கருவி இல்லாதார் சுமையைப் பாதியாக்கிப் பார்க்க. ரீங்காரம் மறைந்தால் குறை பள்ளத்திலேயே உளது.

மறையாதெனின் ஒலியைக் கவனிக்க. அது தணிந்து 50 அலைவாயின் டயோடு ஒன்று அறுந்திருக்கலாம். 100 ஆகவே நீடிப்பின், கெபாசிட்டரை நிரப்பும் பெருமின்சாரம் செல்லும் பூமிக்கம்பியிலேயே சில்லின் பூமிமுனையும் இணைந்துளதா எனப் பார்க்க. அதனைத் தனிக்கம்பியால் வெளிவாயிலின் பூமிமுனைக்குக் கொணர வேண்டும். ரீங்காரமின்றியே டிரான்சிஸ்டர் மிகச் சுடுமாயின், சில்லு தானே அலையத் தொடங்கியிருத்தல் கூடும். அதன் வெளிமுனையில் நேரே மாட்டிய பெருங் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு, மீண்டும் சோதிக்க.