நடுமுகப் பிளவும் அவசரத் தீர்ப்பும்

உதட்டுப் பிளவு என்றால் நமக்குத் தெரிந்தது, மேலுதட்டில் ஒரு பக்கமாக, மூக்குத் துளைக்குக் கீழே விழும் பிளவுதான். முகத்தின் நட்டநடுவில் பிளவு விழுவது மிக அபூர்வம். அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஒரு வகையினருக்குக் கண்கள் வெகுவாக விலகியிருக்கும். மூக்கு அகன்று, நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். முன்நெற்றி முடி நடுவில் கூராக இறங்கியிருக்கும். 1967இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் டிமையர் இதை ‘நடுமுகப் பிளவு’ என்று தனியாக வகைப்படுத்தினார். இன்று ஃப்ரான்டோநேசல் டிஸ்பிளேசியா என்கிறார்கள். முகமே இப்படி என்றால் மூளை எப்படி இருக்குமோ என்று உறவினர்கள் பதறுவது இயல்பு. ஆனால் இக்குழந்தைகளில் பெரும்பாலோரின் அறிவுத்திறனுக்குக் குறையில்லை.

கருவின் நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் தனித்தனித் திசுமேடுகள் ஒன்றுசேர்ந்துதான் முகம் உருவாகிறது. கண்கள் முதலில் பக்கவாட்டில் இருக்கின்றன. மூக்கின் இரு பாதிகளும் நடுவில் நெருங்கி இணையும் காலத்தில் அவையும் முன்னால் வந்து சேர்கின்றன. இந்த நெருக்கம் பாதியில் நின்றால் கண்கள் விலகியபடியும் மூக்கு பிளந்தபடியும் தங்கிவிடும். சில குடும்பங்களில் இதற்கு ஏஎல்எக்ஸ் வகை மரபணுக்களின் பழுதே காரணம் என்று 2009, 2010 ஆண்டுகளில் தெரியவந்தது. முகம் உருவாவது மூன்றாம் மாதத்துக்குள் முடிந்துவிடும் வேலை. ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள் என்று தாயைக் குற்றம் சொல்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்தாலே போதும்.

‘முகம் மூளையை முன்கூட்டியே சொல்லும்’ என்று 1964இல் எழுதியவரும் இதே டிமையர்தானே என்று கேட்கலாம். அவர் அங்கே பேசியது வேறு கோளாறு. முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போகும் ஹோலோபுரோசென்செஃபலி அது. அக்குழந்தைகளுக்கும் உதட்டின் நடுவில் பிளவு வரலாம். ஆனால் கண்கள் நெருங்கியிருக்கும். அங்கே நடுமுகத்துத் திசுவே உருவாகவில்லை. இங்கே திசு இருக்கிறது, இணையவில்லை. ஹோலோபுரோசென்செஃபலியில் மூளைப் பாதிப்பு பெரும்பாலும் கடுமையானது. மூன்றாண்டு கழித்து டிமையரே இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆக, பிளவைவிடக் கண்களின் இடைவெளியே அதிகம் சொல்கிறது.

அதற்காக, கண்கள் விலகியிருந்தால் மூளை நலம் என்று முடிவுகட்டுவதும் அவசரமே. சிலருக்கு மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம் இருப்பதில்லை. இடைவெளி மிக அதிகமாக இருந்தாலோ, தலைக்கு வெளியே வேறு உறுப்புகளிலும் குறை இருந்தாலோ அறிவுத்திறன் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. எனவே எம்ஆர்ஐ படம் அவசியம். இன்னொரு காரணமும் உண்டு: மூக்கின் நடுவே தெரியும் மெல்லிய கட்டி, எலும்பின் இடைவெளி வழியாகப் பிதுங்கிய மூளைத் திசுவாகவே இருக்கலாம். படம் எடுக்காமல் அதில் ஊசி குத்தக் கூடாது.

பொய் நம்பிக்கை தருவதைவிட மோசமானதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லதல்லவா என்பார்கள். அந்த மோசமானது உண்மையாக இருந்தால் சரி. நடுமுகப் பிளவில் பெரும்பாலும் அது உண்மையில்லை. அறுவை சிகிச்சைக்கும் வழி பிறந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. விலகிய கண்குழிகளை மண்டையோட்டின் வழியாக நடுவுக்கு நகர்த்தலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் பால் டெசியே 1967இல் ரோம் மாநாட்டில் காட்டினார். முகப் பிளவுகளுக்கு அவர் தந்த எண் வரிசையில் நடுப்பிளவுக்கு எண் 0. கண்குழிகளை நகர்த்தும் சிகிச்சை பெரும்பாலும் ஐந்து வயதுக்குப் பிறகுதான். பிறந்தவுடன் கவனிக்க வேண்டியவை மூச்சும் பாலும். அடுத்த குழந்தைக்கும் வருமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் இது ஒரு குழந்தையோடு நின்றுவிடுகிறது. பெற்றோர் இருவரும் பழுதான ஏஎல்எக்ஸ் மரபணுவைச் சுமப்பவர்கள் என்று பரிசோதனையில் தெரிந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.