ஓட்டுப் போடாமல் இருப்பது பதிலாகுமா?



சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் நேரம். "யார் வந்தாலும் நமக்கு ஒன்றும் நடக்கப் போவதில்லை, இந்த முறை ஓட்டே போட மாட்டேன்" என்று நம் இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். இந்தச் சலிப்பில் நியாயம் உண்டு. ஆனால், எந்த வேலையை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஏமாறுவதும் இதற்கு ஒரு காரணம்.

நமது அறக்கட்டளை எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்பதில்லை. தேர்தல் அறிக்கையை எடைபோட மூன்று கேள்விகளை மட்டும் இங்கே தருகிறோம்.

1. இது யாருடைய அதிகாரம்?
குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019இல் நாடாளுமன்றம் இயற்றியது. அதைத் திரும்பப் பெறக் கோரி 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆனாலும் 2024 மார்ச்சில் மத்திய அரசு அதற்கான விதிகளை வெளியிட்டது. வக்ஃப் திருத்தமும் அப்படித்தான். 2025 மார்ச்சில் இங்கே எதிர்ப்புத் தீர்மானம், ஏப்ரலில் அங்கே சட்டம். தீர்மானம் நம் குரலைப் பதிவு செய்யும். மத்தியச் சட்டத்தை நீக்காது. மாறாக, முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2007இல் தந்தது மாநில அரசு. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் நம் பிள்ளைகளுக்கு அது இன்றும் பயன்படுகிறது. வாறுகால், தெருவிளக்கு போன்றவை நம் செட்டியார்பட்டி பேரூராட்சியின் பொறுப்பு. அதற்குத் தேர்தல் தனி.

2. பணம் எங்கிருந்து வரும்?
தேர்தல் அறிக்கையில் உள்ள வாக்குறுதி முறைகேடு ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு, இது பற்றி வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவிட்டது. வாக்குறுதிக்கான நிதியை எப்படித் திரட்டுவோம் என்பதைக் கட்சிகள் பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்கிறது அந்த நெறி. அது சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஆள் எப்படி?
வேட்பாளர் தம் மீதுள்ள வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை யாரும் படிக்கலாம். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால், மேடையில் பேசியதையும் அவையில் ஓட்டளித்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

எவரும் பிடிக்கவில்லை என்றால் 'நோட்டா' 2013 முதல் இருக்கிறது. ஆனால் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் கூடுதல் ஓட்டு பெற்றவர்தான் வெற்றி பெறுவார். எதிர்ப்பைக் காட்டலாம், முடிவை மாற்றாது.

நம் ஊர் அடங்கிய ராஜபாளையம் தொகுதியில் 2021இல் வெற்றி வித்தியாசம் 4,000 ஓட்டுக்கும் குறைவு. சில தெருக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் முடிவு மாறிவிடும் அளவு அது. வாக்குக் கேட்டு வருபவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஓட்டுப் போடாத தெருவின் குறைகளைக் கேட்க அவர்களுக்கு என்ன அவசியம்?

ஓட்டு ஓர் அமானிதம். ஒரு வகையில் சாட்சியமும்கூட. அதற்குக் காசு வாங்கினால் பிறகு கேள்வி கேட்கும் உரிமை போய்விடும். குறையே இல்லாத கட்சி கிடைக்காது. இருப்பவர்களில் தீங்கு குறைந்தவர், நன்மை கூடியவர் யார் என்று பார்த்து முடிவெடுப்போம். அதற்கு முன், உங்கள் பெயரும் வீட்டுப் பெண்களின் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல தெளிவைத் தருவானாக. ஆமீன்.

— செயலாளர்