போடிமெட்டு ரோடா, எண் 85-ஆ?

தேனி நகரின் நடுவே நேரு சிலை இருக்கும் இடத்தில் மூன்று ரோடுகள் கூடுகின்றன. கிழக்கே மதுரை ரோடு, வடக்கே பெரியகுளம் ரோடு, தெற்கே கம்பம் ரோடு. குமுளிக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரரிடம், "கம்பம் ரோட்டைப் பிடிச்சு நேராப் போங்க" என்று சொன்னால் போதும். அதையே "தேசிய நெடுஞ்சாலை 183-இல் போங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரியகுளம் பக்கம் போனாலும் 183, கம்பம் பக்கம் போனாலும் 183. திண்டுக்கல்லில் தொடங்கி, தேனி, கம்பம், குமுளி, கோட்டயம் வழியாகக் கொல்லம் வரை போகும் நெடுஞ்சாலைக்கு அரசு கொடுத்திருக்கும் எண் அது. எண்ணை மட்டும் நம்பி வண்டியைத் திருப்புகிறவர் குமுளிக்குப் பதிலாக வத்தலக்குண்டில் போய் நிற்கக்கூடும். சாலைப் பலகைகளில் எண்ணுக்கு இருக்கும் இடம் ஊரார் வழங்கும் பெயருக்கும் வேண்டும், குறைந்தபட்சம் மலைச்சாலைகளிலாவது வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எண்கள் அர்த்தமில்லாமல் வந்தவை அல்ல. 2010-இல் மத்திய அரசு நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் புதிதாக எண் கொடுத்தபோது, அதில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. வடக்கு தெற்காக ஓடும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை எண். ஒற்றைப்படை எண்கள் தெற்கே வரவரக் கூடிக்கொண்டே போகும். மூன்று இலக்க எண் என்றால் அது ஒரு கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைக் காட்டும். கோவையிலிருந்து திண்டுக்கல், திருச்சி வழியாக நாகப்பட்டினம் போகும் 83-இலிருந்து திண்டுக்கல்லில் பிரிவதால்தான் நம் சாலை 183 ஆயிற்று. நிதி ஒதுக்கவும், டெண்டர் விடவும், வரைபடம் போடவும் இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

ஆனால் அந்த 2010 மாற்றமே எண்ணின் பலவீனத்தையும் காட்டிவிட்டது. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை போன சாலை அதுவரை 49. இப்போது கொச்சியிலிருந்து மதுரை, சிவகங்கை வழியாகத் தொண்டி வரை போவது 85. ராமேஸ்வரம் பக்கம் போவதற்கு வேறு எண். கொல்லம் தேனி சாலை அதுவரை 220. இப்படி எண் மாறியதை ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் தொழிலாளிகளும், போடி ஏல மையத்துக்கு ஏலக்காய் கொண்டுவரும் வியாபாரிகளும் பொருட்படுத்தவே இல்லை. போடியிலிருந்து மலை ஏறும் அந்தச் சாலை அவர்களுக்கு அன்றும் போடிமெட்டு ரோடு, இன்றும் போடிமெட்டு ரோடு. மலைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். கோட்டயத்துக்கும் குமுளிக்கும் இடையே உள்ள பகுதியைக் கேரள மக்கள் இன்றுவரை 'கே.கே. ரோடு' என்கிறார்கள். 220 வந்தது, 183 வந்தது, அந்த இரண்டெழுத்தை எதுவும் அசைக்கவில்லை.

மலைச்சாலையை மட்டும் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளாவுக்கு ஏற மூன்று முக்கிய வழிகள் உண்டு: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. கார்த்திகை பிறந்து சபரிமலைக் கூட்டம் பெருகும்போது, மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இங்கே ஒருவழிப் பாதையை அமல்படுத்துவது வழக்கம். போகிற வண்டிகள் கம்பம்மெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாகப் போக வேண்டும். திரும்புகிற வண்டிகள் குமுளி வழியாக இறங்க வேண்டும். இந்த அறிவிப்பு ஊர்ப்பெயர்களில்தான் வருகிறது. பல மாநிலங்களிலிருந்து, முன்பின் பழக்கமில்லாத ஓட்டுநர்கள் வந்து குவியும் நாட்களில், அரசே நம்பி நிற்பது பெயரைத்தான். குமுளி மலைச்சாலை எப்படிப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டுமானால், 2022 டிசம்பரில் சபரிமலை சென்று திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்கள் 8 பேர், கார் பள்ளத்தில் விழுந்து இறந்ததை நினைத்துப் பார்க்கலாம். அத்தகைய நேரத்தில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறவர் வாயில் முதலில் வருவது இடத்தின் பெயர். அந்தப் பெயர் சாலையோரம் எழுதியிருந்தால் வெளியூர்க்காரரும் அதைப் படித்துச் சொல்ல முடியும். இருட்டில், மூடுபனியில், எந்த வளைவில் நிற்கிறோம் என்று தெரியாதவருக்கு '183' எந்த உதவியும் செய்யாது. அது திண்டுக்கல்லுக்கும் கொல்லத்துக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போடுவது வேறு விஷயம். போடிமெட்டுச் சாலையில் 17 வளைவுகள் உண்டு. "போடிமெட்டு ரோட்டில் எட்டாவது வளைவு" என்று சொன்னால் மீட்க வருகிறவர் நேராக அங்கே வந்து நிற்பார். பெயரோடு சேரும்போது எண்ணும் முழுப் பயன் தருகிறது.

பெயர்கள் குழப்பும் என்று சொல்பவர்கள் உண்டு. தேனியில் கம்பம் ரோடு என்பது கம்பத்துக்குப் போனால் தேனி ரோடு ஆகிவிடுகிறதே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 1926-இல் நெடுஞ்சாலைகளுக்கு எண் முறை கொண்டுவரப்பட்டதும் இதனால்தான். அதற்கு முன் லிங்கன் நெடுஞ்சாலை போன்ற பெயர்களில் ஏராளமான தடங்களைத் தனியார் சங்கங்கள் அறிவித்து, கம்பங்களில் ஆளுக்கொரு அடையாளம் வரைந்து வைத்ததில் பயணிகள் திணறிப்போனார்கள். ஆனாலும் அதே நாட்டில், 1935-இல் தொடங்கி 1987-இல் முடிந்த, 469 மைல் நீளமுள்ள 'புளூ ரிட்ஜ் பார்க்வே' என்ற மலைச்சாலை இன்றும் எண்பலகை இல்லாமல் பெயரால் மட்டுமே அறியப்படுகிறது. ஆக, எந்தப் பெயரை எங்கே எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். சமவெளியில் ஊருக்கு ஊர் பெயர் மாறும்; அங்கே எண் முன்னே நிற்கட்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்ற பெயர்கள் மேலிருந்து வந்தாலும் கீழிருந்து போனாலும் ஒன்றுதான்.

தென்மாவட்டங்களில் இதைவிடக் கனமான ஓர் அச்சம் உண்டு: பெயர் வைக்கப் போனால் சண்டை வரும் என்பது. அதை அலட்சியம் செய்ய முடியாது. போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வைத்த பெயரை ஒட்டிக் கலவரம் மூண்டதால், 1997-இல் தமிழக அரசு போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக நீக்கியது. ஆனால் அவை மேலிருந்து சூட்டிய பெயர்கள். அண்ணா சாலை என்று பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்தும் மவுண்ட் ரோடு என்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். மக்கள் தாங்களே வழங்கிவரும் இடப்பெயருக்கு எந்தத் தரப்பும் சொந்தம் கொண்டாடுவதில்லை. குமுளி மலையடியில் இருக்கும் லோயர் கேம்ப் என்ற பெயரையே பாருங்கள். 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய காலத்து முகாமின் பெயர் அது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே, அந்த வேலையின் நினைவைச் சாலையோரத்தில் சுமந்து நின்றது இந்தப் பெயர்தான்.

நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. முந்தலிலும் லோயர் கேம்ப்பிலும் கம்பத்திலும் மலை ஏறும் இடத்தில் வைக்கும் பலகையில், எண்ணுக்கு மேலே, அதே அளவு எழுத்தில், போடிமெட்டு மலைச்சாலை, குமுளி மலைச்சாலை, கம்பம்மெட்டு மலைச்சாலை என்று தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஆபத்தான வளைவுகளுக்கும் பாலங்களுக்கும் ஊரார் சொல்லும் பெயரைக் கேட்டு அந்தந்த இடத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த கார்த்திகைக்கு முன் செய்துவிட்டால் நல்லது.