காதைத் தொட்ட கை

"வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு." ஒன்றாம் வகுப்பில் சேரப் போன அன்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். விரல் காதைத் தொட்டது, பெயர் பதிவேட்டில் ஏறியது. கூட வந்த பையனுக்கு எட்டவில்லை. "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார். பிறந்த தேதி தெரியாத வீடுகளுக்கு அதுதான் வயதுக் கணக்கு. கதை சொன்னால் புரிகிறதா, நாலு பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுமா என்று யாரும் பார்க்கவில்லை.

பள்ளிக்கு முந்தைய வயதில் வளர்ச்சியை அளக்கும் முயற்சியும் இருந்தது. 1980-இல் மதுரைப் பக்கம் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாதாமாதம் பிள்ளைகளை எடைபோட்டது. எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள்.

இன்று கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களின் பால்வாடிகளிலும் எடை, உயரக் கணக்கு போனில்தான். 2021-இல் வந்த, மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் அது ஏறுகிறது. ஆயா முழங்காலை மெல்ல அழுத்திப் பிடிக்க, குழந்தை அளவுப் பலகையில் மல்லாந்து சிணுங்குகிறது. டீச்சர் எண்ணைத் தட்டுகிறார். பேச்சு, விளையாட்டு, நிறம் அறிவது ஆகியவற்றுக்குத் தனி மதிப்பீட்டு அட்டை உண்டு. காதைத் தொட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் எண் டெல்லிக்குப் போகும் முன் வாசலில் நிற்கும் அம்மாவுக்குப் போக வேண்டும். போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்று அவளுக்கு வாயால் சொல்ல இரண்டு நிமிஷம் போதும்.

இந்த ஊர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது என்று நோட்டில் எழுதினார்கள். வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2004-இல் வந்த அவர்கள் அறிக்கையின்படி அந்தக் காற்றில் 22 ரசாயனங்கள் இருந்தன. உடல் எடையோடு பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தை அதிகக் காற்றை இழுக்கிறது. ஒரு பிள்ளைக்கு எடை ஏறாவிட்டால் அதற்குக் காற்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு, வீட்டுச் சாப்பாடு, அம்மாவின் உடம்பு என்று எத்தனையோ இருக்கும். எடைக் கணக்கையும் காற்றுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்?

செயலியில் காற்றுக்கு இடமில்லை. அதனால் அந்த ஊர் டீச்சர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தும் நாளில், தேதியையும் நேரத்தையும் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.