மறைந்த விமானத் தளத்தைக் கணிப்பொறியில் மீட்டமைத்தல்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள லிங்கன் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ரோமானியர் வகுத்த தடத்தில் அமைந்தது. பல மைல் தூரம் நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்லும் இச்சாலை, ஸ்காம்ப்டன் என்னும் கிராமத்தை அடுத்து மட்டும் கிழக்கே வில்போல் வளைந்து, பின்னர் தன் பழைய தடத்தை அடைகிறது. அங்கே மலையோ ஆறோ குறுக்கிடவில்லை. 1950-களின் நடுவில், வல்கன் என்னும் பெரிய ஜெட் குண்டுவீச்சு விமானங்களுக்காக அவ்விடத்து ராணுவ விமானத் தளத்தின் ஓடுபாதை சுமார் 9,000 அடிக்கு நீட்டப்பட்டது. ஈராயிரம் ஆண்டுச் சாலை அதற்கு வழிவிட நேர்ந்தது.

இத்தளத்தை உலகறியச் செய்தது அதற்கு முந்தைய நிகழ்ச்சி ஒன்று. 1943 மே 16 இரவு, கய் கிப்ஸன் தலைமையில் 617-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 19 லங்காஸ்டர் விமானங்கள் இங்கிருந்து புறப்பட்டு ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலுள்ள அணைகளைத் தாக்கின. மொஹ்னே, ஈடர் என்னும் இரு அணைகள் உடைந்தன. வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். ஸ்காம்ப்டன் தளம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்து பறந்து பார்க்க விரும்புவோருக்கு எஞ்சியிருப்பது கணிப்பொறியில் இயங்கும் பாவனைப் பறப்புச் சாதனமே. இதனை ஆங்கிலப் பெயராலேயே ஃப்ளைட் சிமுலேட்டர் என்று பலரும் வழங்குகின்றனர்.

பாவனைப் பறப்பு புதிதன்று. 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையில் உபயோகித்த துருத்திகளைக் கொண்டே, சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு பயிற்சிப் பெட்டியை அமைத்தார். 1934-இல் அந்நாட்டு ராணுவம் அவரிடம் ஆறு பெட்டிகள் வாங்கிற்று. அப்பெட்டிக்குள் இருந்தவருக்கு வெளியுலகம் தெரியாது. கருவிகளின் முட்களே தெரியும். இக்காலச் சாதனமோ நிலம், வானம், கட்டடம் அனைத்தையும் திரையில் காட்டுகிறது. அதனால்தான் தளம் எவ்வாறு இருந்தது என்னும் வினா எழுகிறது.

சாதனத்தினுள் நிலம் அடுக்கடுக்காக அமைந்துள்ளது. அடியில் மேடு பள்ளங்களைக் குறிக்கும் உயர அளவுகள். அதன்மேல் போர்வைபோல் விரிக்கப்பட்ட வானிலிருந்து எடுத்த படம். அதன்மேல் சாலைகளும் ஓடுபாதைகளும். எல்லாவற்றுக்கும் மேலே கட்டடங்களும் மரங்களும். தளத்தை மீட்டமைக்க முற்படுவோர் இந்த ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே திருத்தலாம். சாதனத்தை வெளியிடுவோரே இதற்கான கருவிகளை அளிப்பதுண்டு.

இங்கேதான் பெரும் பிழை நேர்கிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தை விரித்து, அதில் காணும் ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு லங்காஸ்டரை நிறுத்திவிட்டு, இதுவே 1943 என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் 1943 மே மாதத்தில் ஸ்காம்ப்டனில் கான்கிரீட் ஓடுபாதையே கிடையாது. அது புல்தரைத் தளம். அணைத் தாக்குதலுக்குச் சில மாதங்கள் கழித்து அங்கிருந்த படைப்பிரிவுகளை அகற்றிய பின்னரே, ஒன்றையொன்று வெட்டும் மூன்று கான்கிரீட் பாதைகள் போடப்பட்டன. அவற்றுள் ஒன்றின் வழியிலேயே 1950-களின் நீண்ட பாதை எழுந்தது. ஒரே நிலத்தில் 1936, 1943, 1944, 1956 என்று நான்கு தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன எனலாம். எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்யாதவர் எதையும் சரியாக அமைக்க இயலாது.

புல்லா கான்கிரீட்டா என்பது காட்சியைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. உருளும் சக்கரத்தைத் தரை தடுக்கும் விசை, கான்கிரீட்டில் விமான எடையில் ஏறத்தாழ 100-இல் 2 பங்கு; உறுதியான குட்டைப் புல்லில் 100-இல் 5 பங்கு வரை. குண்டு ஏற்றிய லங்காஸ்டரை 28 டன் என்று கொண்டால், முதல் விசை 560 கிலோகிராம் எடைக்குச் சமம். இரண்டாவது 1,400 கிலோகிராம். நான்கு எஞ்சின்களும் முதலில் இந்தத் தடையை வெல்ல வேண்டும். மழை பெய்து தரை இளகியிருந்தால் தடை மேலும் மிகும். சாதனத்தில் தரையின் வகையைக் குறிக்க ஒரு சொல்லை மாற்றினாலே போதும், விமானம் ஓடும் தூரம் மாறிவிடும். கான்கிரீட் என்று தவறாகக் குறித்தால், 1943-இன் விமானிகள் செய்ததைவிட எளிதான வேலையை அவர்கள் செய்ததாக ஆகிவிடுகிறது.

இனி, மறைந்தவற்றின் அளவை எங்ஙனம் பெறுவது? யுத்த காலத்தில் இரு தரப்பாரும் வானிலிருந்து எடுத்த புகைப்படங்கள் ஏராளமாக உள்ளன. காமிரா வில்லையின் குவியத் தூரத்தைப் பறந்த உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவுத்திட்டம் கிடைக்கும். 20 அங்குல வில்லை, 30,000 அடி உயரம் என்றால், 18,000-இல் ஒன்று. படத்தில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 18 மீட்டர். தளத்திலுள்ள நான்கு பெரிய விமானக் கொட்டகைகளும் அக்கால விமான அமைச்சகத்தின் 'ஸி' வகை என்னும் பொது வரைபடப்படி கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 அடி நீளமும் 150 அடி அகலமும் கொண்டது. அத்தகைய படத்தில் கொட்டகையின் நீளம் 5 மில்லிமீட்டர் இருக்கும். அவை இன்றும் நிற்பதால் அவற்றின் மூலைகளையும், கிராமத்து மாதாகோயிலையும், சாலைச் சந்திப்புகளையும் நிலைப்புள்ளிகளாகக் கொண்டு பழைய படத்தைப் புதிய படத்தின்மேல் பொருத்தலாம். வளைந்துவிட்ட நெடுஞ்சாலையை மட்டும் நிலைப்புள்ளியாகக் கொள்ளலாகாது!

இடிந்துபோன கட்டடத்தின் உயரத்தை அதன் நிழல் கூறும். ஸ்காம்ப்டன் ஏறத்தாழ 53 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஜூன் 21 நடுப்பகலில் அங்கே சூரியன் அடிவானத்துக்கு 60 பாகை மேலே நிற்கும். 60 பாகையின் டான்ஜென்ட் 1.73. படத்தில் நிழல் 20 அடி என்று கண்டால் கட்டடத்தின் உயரம் சுமார் 35 அடி. பள்ளிக் கொடிமரத்தைக் கொண்டே ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்க்குச் செய்து காட்டலாம். ஆனால் 20 அடி நிழல் மேற்கூறிய படத்தில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே ஆதலின், உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் தேவை.

உயர அளவுகளிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் மூலம் உலகின் பெரும்பகுதியை அளந்தனர். அவ்வளவுகள் சுமார் 30 மீட்டர் கட்டங்களாக எவருக்கும் கிடைக்கின்றன. ராடார் அலை கூரையிலும் மர உச்சியிலும் பட்டுத் திரும்புவதால், கொட்டகை நிற்கும் இடம் சிறு குன்றுபோல் பதிவாகக்கூடும். அந்தக் குன்றின்மேல் மறுபடியும் கொட்டகையை வைத்தால் கூரையின்மேல் கூரை வைத்ததாகும். இத்தகைய மேடுகளைக் கையால் சீவிச் சமன் செய்வதே வழி.

காந்த ஊசியும் காலத்துக்கேற்ப மாறுவது. 1943-இல் அப்பகுதியில் ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 10 பாகை மேற்கே விலகி நின்றது. 2019-இல் கிரீன்விச்சில் விலகல் இல்லாமலே போயிற்று. அக்காலக் காந்தத் திசையை இன்றைய விலகலோடு சாதனத்தில் கொடுத்துப் பறந்தால், 60 மைல் செல்வதற்குள் பாதை சுமார் 10 மைல் தவறிவிடும். கடற்கரையைக் கடக்கும் இடமே மாறிப்போகும்.

கடிகாரத்திலும் இதே சங்கடம். முதல் விமானம் புறப்பட்டது இரவு 9 மணி 28 நிமிடத்துக்கு என்று பதிவுகள் கூறுகின்றன. இதைப் படித்ததும் பலர் திரையை இருட்டாக்கிவிடுவர். ஆனால் யுத்த காலத்தில் பிரிட்டனில் கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி முன்னால் வைத்திருந்தனர். கணக்கிட்டால் அன்றைய சூரிய அஸ்தமனம் அந்தக் கடிகாரப்படி 9 மணி 54 நிமிடம். ஆகவே முதல் லங்காஸ்டர் எழும்பியபோது சூரியன் மேற்கே இன்னும் தாழ்ந்து நின்றது. கொட்டகைகளின் நிழல் புல்மீது கிழக்கே வெகுதூரம் நீண்டிருக்க வேண்டும்.

விமானங்களை நிறுத்தி வைக்கும் இடங்களைச் சும்மா விட்டுவிடுவதும் சரியன்று. அப்போது 57-ஆம் படைப்பிரிவும் இதே தளத்தில் இருந்தது. அதன் லங்காஸ்டர்களுக்கும் இடம் வேண்டும். மாலையில் தளத்தை அமைப்பவர், தாக்குதலுக்குச் செல்லும் 19 விமானங்களையும் வைக்கலாம். மறுநாள் காலையை அமைப்பவர் வைக்கவேண்டியவை 11. எஞ்சிய எட்டும் திரும்பவில்லை; அவற்றில் சென்ற 56 பேரில் 53 பேர் மாண்டனர், மூவர் சிறைப்பட்டனர்.