நல்ல உகுலேலே ஒன்று வாங்கலாமா?

மறுபரிசோதனைக்கு வருவோர் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நாங்கள் எதிர்பார்ப்பவையே. இரத்த அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு, எந்த உணவைத் தவிர்க்க வேண்டும், கல்லூரிக்குத் திரும்பலாமா, வெளியூர் போகலாமா என்பன போன்றவை அவை. சென்ற மாதம் எங்கள் புற்றுநோய்ப் பிரிவின் மறுபரிசோதனை அறையில் இருபது வயது மாணவி ஒருவர் கேட்டது இந்த வரிசையில் சேராத கேள்வி.

“டாக்டர், நான் நல்ல உகுலேலே ஒன்று வாங்கலாமா?”

உடன் வந்திருந்த தாயார், “இதையெல்லாமா டாக்டர்கிட்ட கேட்பாங்க?” என்று மகளைக் கடிந்துகொண்டார். மருத்துவரோ சிரிக்கவில்லை. “விரல்களைப் பற்றி நான் சொல்கிறேன். வாங்குவதா வேண்டாமா என்பது மருத்துவக் கேள்வி இல்லை, அதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்” என்றார்.

அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் நம் வாசகர்கள் பலருக்கும் பயன்படும் என்று நாங்கள் கருதினோம். மாணவியின் இசைவோடு, அவருடைய பெயரைத் தவிர்த்து, இங்கே எழுதுகிறோம்.

வார்டில் கிடைத்த வாத்தியம்

இந்த மாணவி பள்ளி நாட்களிலேயே கிதார் வாசித்தவர். தோழியர் குழுவொன்றில் பாடியும் வந்தார். பதினேழாம் வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிகிச்சை நடந்தது. அவருக்கு அளிக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்று வின்கிரிஸ்டின். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் இம்மருந்து உயிர் காப்பது. ஆனால் நரம்புகளைப் பாதிக்கும் இயல்பும் அதற்கு உண்டு. விரல் நுனிகள் மரத்துப்போவதும், ஊசி குத்துவது போன்ற உணர்வும், பிடியின் வலு குறைவதும் அதனால் ஏற்படக்கூடும். சிகிச்சை முடிந்தபின் மாதக்கணக்கில் இவை படிப்படியாகக் குறைவதைப் பலரிடம் காண்கிறோம். எனினும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் குறைவதில்லை.

கிதாரின் உலோகத் தந்திகளை அவரால் அழுத்த முடியாமற்போயிற்று. அதைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். அந்த நாட்களில்தான் வார்டின் விளையாட்டறையில் கிடந்த சிறிய உகுலேலே அவர் கைக்கு வந்தது. நான்கே தந்திகள், அவையும் நைலான் தந்திகள். கிதாரின் தந்திகளைவிட அவற்றின் இறுக்கம் மிகக் குறைவு. படுக்கையில் சாய்ந்தபடியே வாசிக்கலாம். இரண்டு மூன்று விரல்களை ஊன்றினாலே ஒரு பாட்டுக்குத் துணைபோகும் ஒலி கிடைத்துவிடும்.

இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்த நாட்களில் செவிலியர்கள் வாத்தியத்தை வாங்கி வைத்துவிட்டதும் உண்டு. தந்தி உரசி விரல் நுனியில் சிறு வெடிப்பு ஏற்பட்டாலும் அப்போது இரத்தம் எளிதில் நிற்காது, தொற்றும் நுழையக்கூடும். எண்ணிக்கை ஏறியதும் வாத்தியம் திரும்பக் கிடைக்கும். “என் ரிப்போர்ட்டை நான் பார்க்கவே வேண்டாம், உகுலேலேயைக் கொடுத்தால் கவுண்ட் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்வேன்” என்று அவர் எங்களிடம் கூறினார்.

சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது திருமண வரவேற்புகளிலும் சிறு அரங்குகளிலும் பாடி வாசிக்கிறார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் இருவருக்குக் கற்றும் கொடுக்கிறார். வீட்டில் உள்ள தொடக்கநிலை உகுலேலே அந்த வேலைக்குப் போதவில்லை. அதனால் எழுந்ததுதான் அந்தக் கேள்வி.

கடல் கடந்து வந்த சிறு வாத்தியம்

உகுலேலேயின் ஊர் ஹவாய்த் தீவுகள். அதன் வேரோ போர்ச்சுகலுக்கு உரிய மதீரா தீவில் உள்ளது. 1879 ஆகஸ்டில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமான மதீராக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஹொனலுலுவை அடைந்தது. மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்னும் மூன்று மரவேலைக் கலைஞர்கள் அதில் வந்தனர். தங்கள் ஊரின் சிறு தந்தி வாத்தியத்தை அடியொற்றி, ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் ‘கோஆ’ என்னும் மரத்தில் அவர்கள் செய்தளித்ததே உகுலேலே. கோஆ நம் வேல மரத்துக்கு உறவு. வீணைக்குப் பலா எப்படியோ, உகுலேலேக்குக் கோஆ அப்படி.

அந்நாட்டு மன்னர் கலாகவா இந்த வாத்தியத்தை விரும்பி ஆதரித்தார். ‘தாவும் தெள்ளுப்பூச்சி’ என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவது வழக்கம். வாசிப்பவரின் விரல்கள் அப்படித் தாவுமாம். மன்னரின் தங்கையும் பின்னாளில் அரசியுமான லிலியுஒகலானி, ‘இங்கே வந்து சேர்ந்த பரிசு’ என்று பொருள் கொண்டார். நம் வார்டின் விளையாட்டறையை நினைக்கும்போது அரசியின் விளக்கமே எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

1916இல் சாமுவேல் கமாகா என்பவர் ஹொனலுலுவில் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் தொடங்கிய பட்டறை இன்றும் அவருடைய குடும்பத்தாரால் நடத்தப்படுகிறது. அவருடைய மகன்களின் காலத்தில் காது கேளாத கைவினைஞர்கள் பலர் அங்கே பணியாற்றினர். மரப்பலகையைத் தட்டி, அதன் அதிர்வை விரல்களால் உணர்ந்து, பலகை போதிய அளவு மெலிந்துவிட்டதா என்பதை அவர்கள் அறிந்தனர். இச்செய்தியை மாணவியிடம் கூறினோம். “எனக்கு அப்படியே தலைகீழ். தந்தி சரியாக அழுந்தியதா என்று விரலுக்குத் தெரியாது, காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்” என்றார்.

தொழில்முறை வாத்தியம் என்பது எது?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் தொடக்கநிலை உகுலேலேக்கள் பெரும்பாலும் மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பிளைவுட்டால் ஆனவை. தொழில்முறை வாத்தியத்தில் மேற்பலகை, பின்பலகை, பக்கங்கள் ஆகிய அனைத்தும் முழு மரமாக இருக்கும். முழு மரம் நன்கு அதிரும்; நாதம் நீண்டு நிற்கும். ஹவாயில் கோஆ மரத்தில் செய்த டெனர் உகுலேலே ஒன்று நம் ஊருக்கு வந்து சேரும்போது விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். பிற நாடுகளில் மகாகனி முதலிய மரங்களில் செய்த முழுமர வாத்தியங்கள் அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே ‘தொழில்முறை’ என்றவுடன் மிக உயர்ந்த விலையை மட்டும் எண்ண வேண்டியதில்லை.

அளவிலும் வேறுபாடு உண்டு. சோப்ரானோ ஏறத்தாழ 21 அங்குல நீளம், கான்சர்ட் 23, டெனர் 26. டெனரில் மெட்டுகளுக்கு இடையே இடம் அதிகம்; உணர்ச்சி குறைந்த விரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் ஊன்றலாம். ஆனால் அதன் தந்தி இறுக்கம் சற்றுக் கூடுதல். கை விரைவில் களைக்கும். எது பொருந்தும் என்பதை வாசித்துப் பார்த்துத்தான் அறிய முடியும்.

கடையில் கவனிக்க வேண்டியவற்றை மாணவியே எங்களுக்குச் சொன்னார். முதலாவது, சுருதி. தந்தியை வெறுமனே மீட்டி, பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் போலப் பொருந்த வேண்டும். நான்கு தந்திகளிலும் இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது, தந்தியின் உயரம். பன்னிரண்டாம் மெட்டருகே அது இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் அழுத்துவது எளிது. கூடுதலாக இருந்தால் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் குதிரையைச் சீர்செய்து குறைத்துத் தருவார். மூன்றாவது, ஒவ்வொரு மெட்டிலும் இரைச்சல் கேட்கிறதா என்று பார்ப்பது. நான்காவது, ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யாமல் அரைமணி நேரமாவது வாசிப்பது.

இந்த நான்காவதைத்தான் மருத்துவரும் வலியுறுத்தினார். இயன்முறை மருத்துவரிடம் கைகளைக் காட்டிப் பிடியின் வலுவை அளந்துகொள்ளவும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தளர்த்தவும், மரப்பு கூடினால் அன்றைய வாசிப்பை நிறுத்தவும் சொன்னார். உணர்ச்சி குறைந்த விரலுக்கு வலி தெரியாது என்பதால், வாசித்தபின் விரல் நுனிகளைக் கண்ணால் பார்த்து ஆராய வேண்டும் என்பதும் அவர் அறிவுரை.

வீட்டில் நடந்த பேச்சு

வாத்தியத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடை எளிதில் கிடைத்தது. வீட்டில் அப்படி இல்லை.

தந்தையார் தையற்கடை நடத்துபவர். காப்பீட்டுத் திட்டம் பெரும்பகுதியைத் தாங்கினாலும், போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் பிற செலவுகளுக்குமாக நகைகள் அடகுக்குப் போயிருந்தன. அப்படியிருந்தும் லட்ச ரூபாய் வாத்தியத்தையே கடன் வாங்கியாவது உடனே வாங்கித் தந்துவிட வேண்டும் என்றார் அவர். “அவள் கேட்டு நான் இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

தாயார் வேண்டவே வேண்டாம் என்றார். முதலில் செலவைக் காரணம் காட்டினார். பின்னர் எங்கள் மனநல ஆலோசகரிடம் தனியே பேசும்போது, “அவ்வளவு கொடுத்து வாங்கி, அது ஆளில்லாமல் சுவரில் தொங்குவதை நான் பார்க்கும்படி ஆகிவிட்டால்?” என்று கேட்டு அழுதார்.

பராமரிப்பாளர்கள் பலர் இவ்விருவரில் ஒருவராகத் தங்களைக் காண்பார்கள் என்று நினைக்கிறோம். ஒருவர் அச்சத்தால் எதையும் மறுக்க மாட்டார். மற்றவர் அச்சத்தால் எதையும் அனுமதிக்க மாட்டார். இரண்டிலும் அன்பே இருக்கிறது. ஆயினும் கேட்டவருக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மாணவி அதை மறைக்காமல் சொன்னார்: “அப்பா சரி என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். இருவருமே உகுலேலேயைப் பற்றிப் பேசவில்லை. என் நோயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு இது வேலைக்கான கருவி. அப்பா புதுத் தையல் மிஷின் வாங்கினபோது எப்படி யோசித்தாரோ அப்படி யோசிக்கச் சொல்லுங்கள்.”

ஆலோசகரின் முன்னிலையில் மூவரும் அமர்ந்து அப்படியே யோசித்தார்கள். மாணவி தம் வருமானம் எழுதியிருந்த நோட்டைக் கொண்டுவந்தார். லட்ச ரூபாய் வாத்தியம் இப்போது தேவையில்லை என்று அவரே சொன்னார். நடுத்தர விலையில் முழுமர டெனர் ஒன்று. அதில் பாதி அவருடைய சேமிப்பு. மீதியைத் தந்தையார் தருவார். மகள் மாதம் இரண்டாயிரம் ரூபாய் வீதம் அதைத் திருப்பித் தருவார். மகளிடம் பணம் வாங்குவதா என்று தந்தையார் நெடுநேரம் மறுத்தார். முடிவில், பதினோரு மாதக் கணக்கைத் தம் கையாலேயே அந்த நோட்டில் எழுதிக்கொடுத்தார்.

தாயார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: கடைக்குத் தாமும் வர வேண்டும். அங்கே மகள் நாற்பது நிமிடம் வாசித்த வாத்தியத்தை எல்லோரும் மெச்சினார்கள். கோயில் பஜனையில் பாடிப் பழகிய தாயார்தான், “மேல் ஸ்தாயியில் கொஞ்சம் ஏறி ஒலிக்கிறதே” என்றார். சோதித்தபோது அது உண்மையாக இருந்தது. வேறொன்றை மூன்று வாரத்தில் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை அவர்கள் வாங்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

வாத்தியம் வாசிக்கும் நோயாளர்களுக்குச் சில குறிப்புகள்

மார்பில் போர்ட் பொருத்தியவர்கள் வாத்தியமோ அதன் தோள்வாரோ அவ்விடத்தில் அழுந்தாதபடி மடியில் வைத்து வாசிக்க வேண்டும். டயாலிசிசுக்காக ஃபிஸ்டுலா செய்துகொண்டவர்கள் அந்தக் கையின்மீது வாத்தியத்தைச் சாய்க்கலாகாது. நெஞ்சு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வாசிப்பதற்கு முன்னும் பின்னும் கைகளைக் கழுவுவது எல்லோருக்கும் பொது.

விலையுயர்ந்த முழுமர வாத்தியத்தை வார்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஏசி அறையின் வறண்ட காற்றில் முழு மரம் வெடிக்கக்கூடும். கிருமிநாசினியின் ஆல்கஹால் அதன் மெருகைக் கெடுக்கும். வீட்டிலும் அதைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருந்தால் மரத்துக்குப் பாதுகாப்பு. வார்டுக்கு, துடைத்துத் தூய்மை செய்யக்கூடிய எளிய வாத்தியமே ஏற்றது.

அப்படி ஒன்று நம்மிடம் இருக்கிறது. இம்மாணவி வாசித்துப் பழகிய அதே உகுலேலே, புதுத் தந்திகளோடு விளையாட்டறை அலமாரியில் உள்ளது. வாசிக்க விரும்புவோர் தங்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெற்று, வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.