வெளிச்சம் வேணும், வெயில் வேணாம்: திண்ணையில் தைக்கும் பெண்களுக்கு என்ன சிக்கல்?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் உள்ள இண்டூர் மாதிரியான ஊர்களில், தையல் மெஷின் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்காது. திண்ணையிலோ தாழ்வாரத்திலோதான் இருக்கும். கோடை வந்தால், “மதியம் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீங்க” என்று அரசு எச்சரிக்கிறது. ஆனால், திண்ணை என்பது வெளியேவா, உள்ளேயா?

ஏன் திண்ணையில் தைக்கிறார்கள்?

முதல் காரணம் வெளிச்சம். குண்டு பல்பு எரியும் சாதாரண அறையில் 100 முதல் 200 லக்ஸ் வெளிச்சம்தான் கிடைக்கும். நுணுக்கமான தையலுக்கு 750 லக்ஸாவது தேவை. பகலில் நிழலான திண்ணையில் இதைவிடப் பல மடங்கு வெளிச்சம் செலவில்லாமல் கிடைக்கும். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும்போது, ஊசியில் நூல் கோக்கவே இந்த வெளிச்சம் வேணும்.

இரண்டாவது காரணம் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெயில் ஏறியதுமே அனலாகிவிடும். கான்கிரீட் தளமோ பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வரை விடும். ‘ஃபேன் போட்டுக்கலாமே’ என்று தோன்றலாம். மெல்லிசான துணியும் நூலும் காற்றில் பறக்கும்; வெட்டிய துண்டுகள் கலைந்துவிடும்.

இதே மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கியில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மெஷின் இல்லை, கை ஊசிதான். மறையும் நிலையில் இருந்த லம்பாடி எம்ப்ராய்டரியை மீட்க, 2006இல் ‘போர்கை’ கைவினைஞர் சங்கம் தொடங்கப்பட்டது. அந்தப் பகுதியில் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை நடத்திவரும் டாக்டர் லலிதா ரெஜியின் முயற்சி அது. லம்பாடி மொழியில் ‘போர்கை’ என்றால் பெருமை. துணியின் இழையை எண்ணிப் போடும் தையல் அதில் உண்டு. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கை தப்பும், பிரித்துத்தான் போடணும்.

வெயில் ஏறினால் என்ன ஆகும்?

உள்ளங்கை வியர்த்தால் ஊசி வழுக்கும். வெளிர் நிறத் துணியில் கறை படியும். உடம்பில் நீர் குறைந்தால் தலைவலி, கவனக்குறைவு. தைத்த உருப்படிக்குத்தான் கூலி என்பதால், வேகம் குறைந்தால் வருமானமும் குறையும்.

இதில் இன்னொரு சிக்கல், வேலை குவிவதே வெயில் காலத்தில்தான். ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால் மே மாதம் முழுக்க யூனிஃபார்ம் தைக்கும் சீசன். அரசின் இலவசச் சீருடைகளைத் தைத்துத் தருவதும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான். வெட்டிய துணியை வீட்டுக்கு வாங்கிப்போய் தைப்பவர்கள் அவர்களில் பலர்.

சட்டம் என்ன சொல்லுது?

வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பநிலையும் இருக்கணும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே (பிரிவு 13) வந்துவிட்டது. அது ஆலைக்கு. திண்ணைக்கு முதலாளி யார்? வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆவது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. ஆனால், சூட்டினால் ஐந்து சட்டைக்குப் பதில் மூன்று மட்டும் தைத்த நாளுக்கு?

அதற்கும் வழி இருக்கிறது என்று காட்டியது, 1972இல் இலா பட் அகமதாபாத்தில் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு. அமைப்புசாராப் பெண் தொழிலாளர்களுக்கான வெப்பக் காப்பீட்டை அது 2023இல் குஜராத்தில் தொடங்கியது. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினாலே பணம் வரும். ஆஸ்பத்திரி பில் காட்டத் தேவையில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* காலை 6 முதல் 10.30 வரை, மாலை 4க்கு மேல் தையல். நடுப்பகலில் கண்ணுக்கும் உடம்புக்கும் ஓய்வு.
* கிழக்குப் பார்த்த திண்ணை மாலையில் நிழலாகும். மேற்குப் பார்த்தது காலையில். மெஷினை அதற்கேற்ப நகர்த்தலாம்.
* கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள் சூடு குறையும்.
* தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர், மோர், உப்பு சேர்த்த நீராகாரம் குடிக்கணும்.
* தமிழ்நாடு தையல் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்யலாம். கல்வி உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் கிடைக்கும்.

இதில் நல வாரியப் பதிவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வீட்டிலிருந்து தைப்பவரும் தொழிலாளிதான் என்று அரசு ஏட்டில் ஏறும் இடம் அது. நாளைக்கே வெப்ப நாள் கூலி என்று ஒரு திட்டம் வந்தாலும், முதலில் கேட்கப்போவது அந்தப் பதிவு எண்ணைத்தான்.